நீ அவருக்கு வாசித்த புத்தகம்

முகிலா,

இதை உன் கையிலேயே கொடுத்திருக்கலாம். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சாப்பாட்டு மேசையில் மைலோ டின்னுக்குக் கீழே வைத்திருந்தால் காலையில் எடுத்திருப்பாய். ஆனாலும் பத்திரிகைக்குத்தான் அனுப்புகிறேன். இத்தனை வருடம் அந்த ஞாயிறு மலரில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தவள், ஓய்வு பெற்ற பிறகு ஒரு பக்கம் கேட்டால் தராமலா போய்விடுவார்கள்? நீ பத்திரிகை வாங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கிள்ளானில் உன் வருங்கால மாமனார் வாங்குகிறார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்க விளம்பரம் வரை விடாமல் படிக்கிறவர், இதைப் பார்த்த கையோடு உனக்குப் போன் செய்வார். உன்னைப் பெற்றவள் எழுதியது அந்த மனிதர் மூலமாகத்தான் உன்னிடம் வந்து சேரப்போகிறது. அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், இந்தக் கடிதமே அந்த எரிச்சலைப் பற்றியதுதான்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அது முடிந்ததும் நீ கிள்ளானுக்குக் குடிபோகிறாய். நீ கட்டிக்கொள்ளப்போகும் தேவிக்கு வேலை அங்கே. உன் கம்பெனியும் துறைமுகத்துக்குப் பக்கத்தில். அவள் அப்பா தனியாக இருக்கிறார், வீடும் பெரிது. எல்லாமே நியாயமான காரணங்கள். ஒன்றைக்கூட மறுத்துப் பேச முடியவில்லை என்பது எனக்கு இன்னும் கடுப்பாக இருக்கிறது. இங்கே கோலாலம்பூரில், நம் பிரிக்பீல்ட்ஸில் நடந்துபோனால் பூக்கடை அக்காவிலிருந்து கீழ்வீட்டு ஆன்டி வரைக்கும், "மருமக வரப்போறா, மகன விட்டுக்குடுக்க மனசு வருமாலா?" என்று கேலி செய்கிறார்கள். தேவி மேல் எனக்கு ஒரு பொறாமையும் கிடையாது. தங்கமான பெண். உன்னைக் கட்டிக்கொண்டு என்ன பாடுபடப் போகிறாளோ என்ற கவலைதான் இருக்கிறது. எனக்குப் பொறாமையெல்லாம் அவளுடைய அப்பா மேல். சம்பந்தி மேல் பொறாமைப்படும் மாமியாரை ஊர் இதுவரை பார்த்ததில்லை, அதனால் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த வருடத்திலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உனக்கு விளங்கும். கடைகளைச் சாத்தியாயிற்று, விளம்பரங்கள் நின்றுபோயின, என் ஞாயிறு மலர் உடம்புக்கு முடியாதவர் மாதிரி வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே வந்தது. சமையல் குறிப்பு, வாசகர் கவிதை, சிறுவர் பக்கம் எல்லாம் போய், பெருகியது ஒன்றே ஒன்று, மரண அறிவிப்பு. ஆள் குறைவு என்று அந்தப் பக்கத்தைத் திருத்தும் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். வாட்ஸ்அப்பில் படங்கள் வரும். யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து இறந்தவரை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பியிருப்பார்கள், ஓரத்தில் வேறொருவருடைய தோளும் பட்டுச்சேலையும் தெரியும். ஒரு பெண் போன் செய்து, "அக்கா, முகத்தக்கூட கிட்டபோய் பாக்க முடியல. பேரயாச்சும் தப்பில்லாம போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். போனை வைத்த பிறகு அந்தப் பெயரை எத்தனை தடவை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அதற்கப்புறம் என்னால் எதையும் வாசிக்க முடியவில்லை. இது உனக்குத் தெரியாது. அலமாரி நிறையப் புத்தகங்கள், வெளியே போக வழியில்லை, அலுவலகம் வீட்டுக்கே வந்துவிட்டது, வாசிக்கிறவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? "இப்ப ஒங்களுக்கு ஜாலிதான், உக்காந்து படிச்சிக்கிட்டே இருக்கலாம்" என்று தோழிகள் போனில் சொன்னார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். கதையில் ஒரு கிழவர் இருமினால்கூட என் மனம் அவர் பெயருக்குப் பக்கத்தில் வயதைத் தேடும், 'அன்னாரின் அன்பு மனைவி' யார் என்று தேடும். புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். ஊரடங்கில் நான் வாசித்தவை என்று மலரில் வாராவாரம் எழுதினேனே, அதெல்லாம் பழைய ஞாபகத்தில் எழுதியது. எழுத்து என் முன்னால் வந்தால் அதில் பிழை எங்கே என்று கண் தானாக மேயும், அதற்கு மேல் உள்ளே போகாது.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நீ வாசிக்க ஆரம்பித்தாய். அதுவும் எதை? அந்த இரண்டு பாக நாவலை. மூன்றாம் படிவம் படித்தபோது பள்ளி விடுமுறையில் உன் தலையணை மேல் வைத்தேன். ஐந்தாம் படிவத்தில் உன் பையில் வைத்தேன். அப்பா இறந்த வருடம், மனசுக்கு ஆறுதலாக இருக்கும்டா என்று கெஞ்சினேன். நீ இரண்டு பாகத்தையும் கொண்டுபோய் உன் கம்ப்யூட்டர் திரைக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்தாய். "உயரம் கரெக்ட்டா இருக்கும்மா" என்றாய். வருடக்கணக்காக அங்கேயே கிடந்தது. அதைத்தான் ஒருநாள் உருவியெடுத்து, பதிலுக்கு ஒரு பிஸ்கட் டின்னைச் சொருகி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனில் கிள்ளானுக்கு வாசிக்கத் தொடங்கினாய்.

அது எப்படி ஆரம்பித்தது என்று தேவிதான் பிற்பாடு சொன்னாள். அவள் அம்மா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அப்பாவின் துணிக்கடையையும் சாத்தச் சொல்லிவிட்டார்கள். மனிதர் கடைச் சாவிக்கொத்தை எதிரே வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். "நீங்களாச்சும் பேசிப் பாருங்க" என்று அவள் உன்னிடம் கேட்டிருக்கிறாள். நீ பேசிய லட்சணம்தான் எனக்குத் தெரியுமே, போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், சுவர் வழியாகக் கேட்டது. "சாப்ட்டீங்களா அங்கிள்?" "ம்ம், ஆச்சி." "அங்க மழையா அங்கிள்?" "இல்ல, வெயிலுதான்." அதற்கப்புறம் ரெண்டு பேருக்கும் விஷயமே இல்லை. போனை வைக்கவும் கூச்சம். அப்படி முழித்துக்கொண்டிருந்தபோதுதான் எதிரே இருந்த புத்தகம் உன் கண்ணில் பட்டிருக்கிறது. "அங்கிள், ஒரு கதை வாசிக்கவா?" என்று நீ கேட்டதும், கிள்ளானிலிருந்து ஒரு குரல், "வாசிங்க தம்பி" என்றதும் என் காதில் விழுந்தது. நான் அப்போது வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் எத்தனை வருடம் கேட்டது! ஒரு ஊமை மனிதர் "ம்ம்" என்று சொன்னதற்குக் கொடுத்துவிட்டாயே.

நீ கேட்பாய், நான் சின்னப் பிள்ளையில் உங்களுக்கு வாசிக்கவில்லையா என்று. வாசித்தாய், புரூஃப். நான் பத்திரிகையில் சேர்ந்தபோது எழுதியவர் கைப்பிரதியை ஒருவர் உரக்கப் படிப்பார், அச்சான தாளை வைத்துக்கொண்டு இன்னொருவர் சரிபார்ப்பார். படிக்கிறவர் எழுத்தை மட்டும் படித்தால் போதாது. கமா வந்தால் கமா என்று சொல்லவேண்டும், புள்ளி வந்தால் புள்ளி, மேற்கோள் திறந்தால் திறப்பு, மூடினால் மூடல். அப்பாவுக்கு இரவு வேலை என்பதால் வேலையை வீட்டுக்குக் கொண்டு வந்தேன், உன்னைப் படிக்க வைத்தேன். "அவள் வந்தாள் கமா நின்றாள் கமா பேசவில்லை புள்ளி" என்று நீ கால் ஆட்டிக்கொண்டே படிப்பாய். ஒரு சொல் பிசகினால் பென்சிலால் மேசையைத் தட்டுவேன். தட்டித் தட்டியே உனக்குப் புத்தகம் என்றாலே வேப்பங்காயாகிவிட்டது என்று உன் அப்பா சொல்வார். அவர் சொன்னது சரிதான். நீ என்ன வாசிக்கிறாய் என்று நான் கேட்டதே இல்லை, எங்கே தவறுகிறாய் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வயதில் நீ எனக்குப் பக்கத்தில் அப்படி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது அந்த ஒரு வேலைக்குத்தான். அது எனக்கு வேலையாகவே இருந்ததில்லை.

கிள்ளானுக்கு நீ வாசித்த முதல் வாரத்தில் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கதவுக்கு வெளியே துணி மடிப்பேன், மடித்ததையே மறுபடியும் மடிப்பேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வாசித்தாய். அந்த ரயில்வே குவாட்டர்ஸில் வெள்ளம் வரும் அத்தியாயம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் மழை, நீ பக்கத்துக்குப் பக்கம் "மளை" என்றாய். பொறுத்துப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் என்னையும் மீறி, "மழைடா! மளை இல்ல, மழை!" என்று கத்திவிட்டேன். உள்ளே சத்தம் நின்றது. ஸ்பீக்கரில் அந்த மனிதர், "யாரு தம்பி, அம்மாங்களா? வணக்கம் சொல்லுங்க" என்றார். கேலியாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலை, மரியாதையாகச் சொன்னார்.

மறுநாள் நீ கார் சாவியையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அடித்தளத்துக் கார் நிறுத்தத்துக்குப் போய்விட்டாய். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில் என் மகன் என்னிடமிருந்து தப்பித்து, ஓடாத காருக்குள் போய் உட்கார்ந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குப்பை கொட்டப் போகிறேன் என்று நானும் பையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். குப்பை சேராத நாளில் காலிப் பையில் பழைய பேப்பரை அடைத்துக்கொண்டு வந்தேன். கண்ணாடியை ஏற்றி விட்டிருப்பாய். வாயசைவு மட்டும் தெரியும், நடுநடுவே சிரிப்பாய், கையை ஆட்டுவாய். முகக்கவசம் போட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்று, நீ எந்த அத்தியாயத்தில் இருக்கிறாய் என்று உன் உதட்டை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். காவலுக்கு நிற்கும் கார்டு பையன் ஒருதரம் என்னைப் பார்த்து, "ஆன்டி, ஓகேவா?" என்று கேட்டான். ஓகே, ஓகே என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனேன்.

அந்த வாரத்தில்தான் அங்கிள் மாமாவாக மாறினார். காரிலிருந்து இறங்கும்போது, "சரிங்க மாமா, நாளைக்குப் பாக்கலாம்" என்று நீ சொன்னதைக் கேட்டேன். முதல் பாகம் முடியப் போகிறது என்று தெரிந்தது. நீ குளிக்கப் போன நேரம் பார்த்து இரண்டாம் பாகத்தை உன் மேசையிலிருந்து எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்து மூடிவிட்டேன்.

"அம்மா, ரெண்டாவது பாகம் பாத்தீங்களா?"

"நான் எதுக்குடா பாக்கப்போறேன்? ஒன்னோட ரூம்ல தேடு. பன்னித்தொட்டி மாதிரி வச்சிருந்தா எப்படிக் கிடைக்கும்?"

நீ கட்டிலைப் புரட்டித் தேடினாய். கிள்ளானுக்குச் செய்தித்தாளிலிருந்து என்னத்தையோ வாசித்து ஒப்பேற்றினாய். எனக்கு அந்த நாட்களில் சோறு நன்றாக இறங்கியது. அப்புறம் மரண அறிவிப்புகள் கூடி நான் மேசையைவிட்டு எழ முடியாத ஒரு மத்தியானம், "நான் சமைக்கிறேன்மா" என்று நீயே அடுப்படிக்குப் போனாய். டின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு நடுவில் இருந்த அரிசியைத் தட்டித் தட்டி டின்னுக்குள்ளேயே விழ வைத்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்க்கவில்லை. "சோறு வடிக்கவா, கஞ்சி போதுமா?" என்று கேட்டாய். கஞ்சி போதும் என்றேன். நான்கு திட்டுத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நான்கு சொல்லியிருப்பேன். நீயோ கஞ்சிக்குத் துவையல்கூட அரைத்து வைத்துவிட்டு, சாயங்காலம் புத்தகத்தோடு கீழே போனாய். இன்றுவரை அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நோயெல்லாம் அடங்கி, தேவி மேற்படிப்பை முடித்து, போன வருடம்தான் நிச்சயத்துக்குக் கிள்ளான் போனோம். சம்பந்தி வாசலுக்கே வந்து கும்பிட்டு அழைத்துப்போனார். கூடத்தில், சாமி படத்துக்குக் கீழே, கண்ணாடி அலமாரியில் அந்த நாவலின் இரண்டு பாகமும் புத்தம் புதிதாக இருந்தது. கண் சரியில்லாதவர், அதனால்தான் நீ வாசிக்கிறாய் என்று நான் என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். அவரோ இலை போடும் நேரத்தில் பந்தல்காரர் பில்லைத் தூரத்தில் நீட்டிப் பிடித்துக் கண்ணாடி இல்லாமலே படித்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?" என்று கேட்டேவிட்டேன்.

"நல்லாத் தெரியுமே சம்பந்தி. டெய்லி பேப்பர் படிக்கிறேனே, ஒங்க மலரும் விடமாட்டேன்."

"அப்ப இந்தப் புத்தகத்த நீங்களே படிச்சிருக்கலாமே?"

"வாங்கித்தான் வச்சிருக்கேன், பிரிக்கல. தம்பி வாசிச்சது இன்னும் காதுல இருக்கு. நானா படிச்சா அது போயிரும்லா" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு ரசத்தைக் கையில் வாங்கிக்கொண்டே, "ஒரு விசயம் தெரியுமா? காருக்குள்ள இருந்து பேசுறப்ப லைன் விட்டு விட்டு வரும். தம்பி நிறுத்துறாரா, லைன் கட்டாகுதான்னு எனக்கு வெளங்கல. அப்பறம் அவரே கமா, புள்ளி எல்லாம் சொல்லி வாசிக்க ஆரம்பிச்சாரு. இது என்னா தம்பி புதுசா இருக்குன்னு கேட்டேன். எங்கம்மா சொல்லிக்குடுத்த வாசிப்பு மாமா, இதுல ஒண்ணும் தொலைஞ்சி போவாதுன்னாரு" என்றார்.

எல்லோரும் நான் ஆனந்தக் கண்ணீர் விட்டேன் என்று நினைத்தார்கள். ஆனந்தமாவது மண்ணாவது! அது நம்முடையது, முகிலா. பென்சிலைத் தட்டிக்கொண்டு நானும் காலை ஆட்டிக்கொண்டு நீயும் செய்தது. நான் கத்தியதால் நீ காருக்குப் போனாய், காருக்குப் போனதால் அதை எடுத்து அவருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. நானே துரத்திவிட்டு நானே பொறாமைப்படுகிறேன். இப்போது அந்த மனிதர் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். "சம்பந்தி கமா கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சி கமா மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டியாச்சி புள்ளி." நான் பதிலுக்குச் சரி என்று எழுதுகிறேன். இரண்டு மூன்று தடவை மறுபடி போட்டும் கேட்கிறேன், அது வேறு விஷயம்.

கல்யாணத்துக்குப் போகிற மகனுக்கு அம்மா நான்கு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் அவ்வளவு இல்லை. தேவி பேசும்போது ஊடே புகுந்து திருத்தாதே. நம் வீட்டு வியாதி அது, உனக்கும் இருக்கிறது, போன தீபாவளிக்கு முறுக்குச் சுற்றும்போது பார்த்தேன். அவள் தேதியை மாற்றிச் சொன்னால் சொல்லட்டும், கதையை ஏற்கெனவே சொல்லியிருந்தால் மறுபடியும் கேள். சாத்திய கடையின் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை நீ பேச வைத்திருக்கிறாய், அதற்கு மேல் நான் உனக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. உன்னைப் பார்த்து மற்றவர்கள் மெச்சும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமைக்குக் கீழே வயிறு எரிந்துகொண்டே இருக்கிறது, அதையும் மறைக்கமாட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் போய் அவருக்கு வாசித்துவிட்டு வருகிறாய், நான் இங்கே தனியாகச் சாப்பிடுகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அவருக்குத் தினமும் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு?

எனக்கும் வாசி. கெஞ்சவில்லை, கேட்கிறேன். அந்த நோய்க் காலத்தில் போன வாசிப்பு எனக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. தனியாகப் பக்கத்தைத் திறந்தால் கண் பிழையைத்தான் தேடுகிறது. யாராவது வாசித்துக் கேட்டால் வருமோ என்று அந்தத் தூணுக்குப் பின்னால் நின்றபோதே தோன்றியது. உன் மேசையில் ஒரு புத்தகம் வைத்திருக்கிறேன். கிள்ளானுக்கு வாசிக்காதது, தேவியிடம் விசாரித்துவிட்டுத்தான் எடுத்தேன். கனமான புத்தகம். வாரம் ஓர் அத்தியாயம் என்று போனால் கல்யாணத்துக்குள் முடியவே முடியாது, நீ கிள்ளானிலிருந்து வந்துதான் ஆகவேண்டும். தேவியையும் கூட்டி வா. சம்பந்தியை இப்போதைக்குக் கூட்டி வராதே, அவர் கேட்கும் அழகைப் பார்த்தால் நீ அவர் பக்கம் திரும்பிக்கொள்வாய்.

மழையை மளை என்றே வாசி. நான் வாயைத் திறந்தால் கார் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போ, என்னையும் கூட்டிப் போ, பக்கத்து சீட்டில் பேசாமல் உட்கார்ந்து கேட்கிறேன். கமாவும் புள்ளியும் மட்டும் விடாமல் சொல்லு. உன் மேசையில் நான் வைத்திருப்பது முதல் பாகம்தான். இரண்டாம் பாகம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வீட்டைப் புரட்டித் தேடாதே. இந்தத் தடவை அரிசி டின்னில் இல்லை.

அம்மா